டிராவல் டிரெய்லர் வயரிங்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

கனடாவில் மே மாத விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் வந்தால் கேம்பிங் சீசன் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய வாரம் நண்பர்களிடமிருந்து வரும் அழைப்புகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். குளிர்காலம் முழுக்க வீட்டுப் பக்கத்தில் நின்ற டிரெய்லரை டிரக்கில் மாட்டினால் பின்விளக்கு எரியவில்லை, அல்லது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகத் துடிக்கிறது, அல்லது பிரேக் கன்ட்ரோலர் (டிரக்கிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) டிரெய்லரைக் கண்டுகொள்ளவே இல்லை. பலர் உடனே கடைக்கு ஓடி புது விளக்கு, புது கன்ட்ரோலர் என்று வாங்கிப் போட்டுவிட்டு, அப்புறமும் சரியாகாமல்தான் கூப்பிடுகிறார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால், பழுது டிரக் பக்கமா டிரெய்லர் பக்கமா என்று பிரித்துவிடுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் வாங்கும் எந்தப் பொருளும் குருட்டாம்போக்குச் செலவுதான்.

கீழே இருப்பது வட அமெரிக்க டிராவல் டிரெய்லருக்கான வழிமுறை: 7 முனை பிளக், எலெக்ட்ரிக் டிரம் பிரேக், முன்னால் ஹிட்ச் (டிரக்கோடு இணையும் இடம்) பக்கம் 12 வோல்ட் பேட்டரி, கேம்ப்கிரவுண்டில் 120 வோல்ட். ஐரோப்பிய 13 முனை பிளக்குக்கு இது பொருந்தாது.

## முதலில்: டிரக்கா, டிரெய்லரா?

தேவைப்படுபவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு நீள வயர், கார் ஜம்பர் கேபிள், சின்ன வயர் பிரஷ், கான்டாக்ட் கிளீனர். டெஸ்ட் லாம்பில் எல்.இ.டி. வேண்டாம், பழைய இழை பல்பு உள்ளதாகப் பாருங்கள். ஏனென்றால் பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். இழை பல்பு கரண்ட் இழுக்கும், அதனால் உண்மை வெளியே வந்துவிடும்.

டிரக் பக்கம். டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கின் சாக்கெட்டைத் திறங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பைச் சாக்கெட்டில் உள்ள எர்த் முனையிலேயே மாட்டுங்கள். டிரக்கின் சேசிஸில் மாட்டினால் எர்த் வயர் அறுந்திருப்பது தெரியாமல் போகும். இப்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க் லைட், இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போடட்டும். லாம்ப் பளிச்சென்று எரிந்தால் அந்த முனை சரி. ஒரு விஷயம்: டிரக்கோடு சேர்ந்தே வந்த பிரேக் கன்ட்ரோலர்கள் சில, டிரெய்லர் மாட்டாதவரை பிரேக் முனைக்குக் கரண்ட் அனுப்பாது. அங்கே லாம்ப் எரியவில்லை என்று பயப்பட வேண்டாம்.

டிரெய்லர் பக்கம். டிரெய்லரின் சொந்த பேட்டரியே போதும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து அந்த ஃபியூஸ் வைத்த வயரை எடுத்து வந்து, பிளக்கின் ஒவ்வொரு விளக்கு முனையிலும் தொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டிரெய்லர் சேசிஸோடு ஏற்கெனவே இணைந்திருக்கும். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தால் டிரெய்லரின் விளக்கு வயர்கள் சரி, டிரக்கைப் பாருங்கள். ஆனால் பிளக்கின் எர்த் வயரை இது சோதிக்காது, அதற்கு அறிகுறி 2. கவனம்: பேட்டரி இணைப்பில் இருக்கும்போது பிளக்கின் சார்ஜிங் முனையில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். அதையும் எர்த் முனையையும் ஸ்குரூடிரைவரால் சேர்த்துத் தொட்டுவிடாதீர்கள்.

இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரியாக இருந்து, மாட்டினால் மட்டும் எரியவில்லையா? பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்திலோ பிளக்கின் எர்த் வயரிலோதான் கோளாறு. முதலாவதுதான் அதிகம் வரும். ரோட்டில் கொட்டும் உப்பு சாக்கெட்டுக்குள் போய்ப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, கிளீனர் அடித்து, காய்ந்ததும் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். சாக்கெட் முனைகள் அகண்டு தளர்ந்திருந்தால் சாக்கெட்டையே மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

## அறிகுறி 1: ஒரு விளக்கும் எரியவில்லை

டிரக் சாக்கெட்டில் எந்த முனையிலும் கரண்ட் வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ் பெட்டி. பெரும்பாலான டிரக்குகளில் டிரெய்லர் விளக்குக்குத் தனி ஃபியூஸ்களும் ரிலேக்களும் உண்டு. டிரக்கின் பின்விளக்கு எரிகிறது என்பதால் டிரெய்லர் ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வண்டியின் கையேட்டில் பெட்டிப் படம் இருக்கும், அதில் "டிரெய்லர்" அல்லது "டோ" என்று குறித்த எல்லாவற்றையும் உருவிப் பாருங்கள். ஃபியூஸ் சரியாக இருந்தால் பக்கத்தில் உள்ள அதே மாதிரி ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் சாக்கெட்டுக்குப் பின்னால் வரும் வயர் கொத்து.

டிரக்கில் கரண்ட் வருகிறது, டிரெய்லரில் ஒன்றுமே இல்லை என்றால் எர்த் வயர். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்துபோவது நடக்காத காரியம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 2: இண்டிகேட்டர் போட்டால் எல்லாம் மங்கலாகத் துடிக்கிறது

இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் மினுக்குகிறது, பிரேக் மிதித்தால் பார்க் லைட் அணைகிறது, மேடு பள்ளத்தில் போகும்போது மட்டும் விளக்கு வந்து வந்து போகிறது. இந்தக் கூத்து எல்லாவற்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: எர்த் சரியில்லை. திரும்பிப் போக ஒழுங்கான வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பிப் போகிறது.

இதற்கு ஒரு சோதனை போதும். ஜம்பர் கேபிளின் ஒரு முனையை டிரக்கின் சேசிஸில், பெயின்ட் இல்லாத இடத்தில் கடிக்க விடுங்கள். மறுமுனை டிரெய்லர் சேசிஸில். விளக்குகள் உடனே சரியானால் பழுது எர்த் வயரில்தான்.

இனி எளிதிலிருந்து கடினத்துக்கு: பிளக்குக்குள் வெள்ளை வயரின் திருகு தளர்ந்திருக்கலாம். டிரெய்லரின் முன்புற ஏ வடிவச் சட்டத்தில் வெள்ளை வயரைத் திருகி வைத்திருக்கும் இடம் துருப்பிடித்திருக்கலாம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இந்த இடம்தான். திருகு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கழற்றினால் வயர் நுனியில் உள்ள உலோக வளையத்துக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டும். வளையத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது கிரிம்ப் செய்யுங்கள், சட்டத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள், புது போல்ட் போட்டு இறுக்கி அதன்மேல் கிரீஸோ பெயின்டோ பூசுங்கள். கடைசியாகத்தான் ஒவ்வொரு விளக்கின் தனி எர்த். ஒரே ஒரு விளக்கு மட்டும் மங்கல் என்றால் இந்தக் கடைசி இடத்துக்கு நேராகப் போகலாம்.

ஹிட்ச் பந்து வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பந்தில் கிரீஸ் இருக்கிறது, ஓடும்போது அசைகிறது. வெள்ளை வயர்தான் எர்த்.

கொசுறாக ஒன்று: டிரெய்லரில் எல்லாம் எல்.இ.டி. விளக்காக இருந்து, எர்த்தும் நன்றாக இருந்து, லேசாக மட்டும் மினுக்கினால், பல்பு போய்விட்டதா என்று டிரக் அனுப்பிப் பார்க்கும் சோதனைத் துடிப்பாக இருக்கலாம். அது வயரிங் பழுதல்ல.

## அறிகுறி 3: பிளக் மாற்றிய பிறகு விளக்குகள் இடம் மாறி எரிகின்றன

இடது போட்டால் பார்க் லைட் எரிகிறது, பார்க் லைட் போட்டால் வலது எரிகிறது. நிறத்துக்கு நிறம் பார்த்துத்தானே இணைத்தேன் என்பார்கள். சிக்கலே அந்த நிறத்தில்தான் இருக்கிறது. சந்தையில் இரண்டு நிற வழக்கங்கள் ஓடுகின்றன.

சாதாரணச் சரக்கு டிரெய்லர் வழக்கத்தில் பழுப்பு பார்க் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. டிராவல் டிரெய்லர் வழக்கத்தில் பச்சை பார்க் லைட், சிவப்பு இடது, பழுப்பு வலது, மஞ்சள் ரிவர்ஸ் லைட். இரண்டிலும் மாறாதவை மூன்று: வெள்ளை எர்த், நீலம் பிரேக், கறுப்பு பேட்டரி சார்ஜ். கடையில் கிடைக்கும் பிளக் வயர் முதல் வழக்கப்படி வந்திருக்கும், உங்கள் டிரெய்லர் இரண்டாவது வழக்கப்படி கட்டியிருப்பார்கள். பழைய டிரெய்லர் என்றால் முந்தைய சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு மூன்றாவது வழக்கமே உண்டாக்கி வைத்திருக்கலாம்.

அதனால் நிறத்தை மறந்துவிட்டு வேலையைப் பார்த்து இணையுங்கள். பேட்டரியைக் கழற்றாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது, கறுப்பு வயரில் கரண்ட் இருக்கும். வயர்களைப் பிரித்து வைத்துவிட்டு, வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவை வெள்ளை வயரிலும், ஃபியூஸ் வைத்த வயரை மற்ற வயர்களில் ஒவ்வொன்றிலும் கொடுங்கள். எந்த வயர் எந்த விளக்கை எரிக்கிறது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். எந்த விளக்கையும் எரிக்காத தடித்த வயர்கள் இரண்டு மிஞ்சும். அவற்றில் ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்ததும் சக்கரத்துக்குள் "ம்ம்" என்று லேசான முனகலோ "டக்" என்ற சத்தமோ கேட்டால் அது பிரேக். மற்றது சார்ஜிங்.

பிளக்கைத் திறந்தால் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று எழுத்து பொறித்திருக்கும். நடு முனை ரிவர்ஸ் லைட்டுக்கு. வயர் நுனியில் அரை அங்குலம் தோல் உரித்து, இழைகளை முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் உள்ளே விட்டு இறுக்குங்கள். இறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள்.

டிரெய்லருக்கு அடியில் ஒட்டு போட வேண்டி வந்தால், வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் கிளிப் வேண்டவே வேண்டாம். அது இழைகளை வெட்டுகிறது, தண்ணீரையும் உள்ளே விடுகிறது. பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் கனெக்டர் போட்டு, சூடு காட்டி, ஓரத்தில் பசை பிதுங்கி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

## அறிகுறி 4: ஃபியூஸ் போட்டதும் போய்விடுகிறது

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. வயர் உருகித் தீப்பிடிக்கும், அது மரமும் பிளாஸ்டிக்கும் அடைத்த சுவருக்குள்.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் ஷார்ட் டிரக் பக்கம். போகாமல் நின்றால் டிரெய்லர் பக்கம். டிரெய்லர் என்று தெரிந்துவிட்டால் மறுபடி மாட்டி, டிரக்கில் அந்த ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாகப் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு வயரால் இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்த பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இப்போது டிரெய்லர் நெடுக வயரை அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கை வைத்தபோது பல்பு அணைகிறதோ மங்குகிறதோ, அங்கேதான் ஷார்ட். ஃபியூஸாக எரித்துத் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தேட வேண்டிய இடங்கள்: தரையில் உரசித் தேய்ந்த பிளக் கேபிள், சேஃப்டி செயின் உரசும் இடம், சட்டத்தின் ஓட்டை வழியாக வயர் நுழையும் கூர் விளிம்பு, தண்ணீர் புகுந்த மேல் மூலை விளக்குகள், சுவரில் புதிதாக எதையாவது ஸ்குரூ அடித்து மாட்டிய இடம். எதிலும் அகப்படாமல் ஷார்ட் சுவருக்குள்தான் என்று தெரிந்தால், டிரெய்லர் சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. அலுமினியத் தகட்டைக் கழற்றி மழைநீர் புகாமல் திரும்ப மூடுவது தனி வேலை.

## அறிகுறி 5: பிரேக் பிடிக்கவில்லை, அல்லது கன்ட்ரோலர் டிரெய்லரைக் காட்டவில்லை

விளக்கு எரியாவிட்டால் போலீஸ் நிறுத்துவார். பிரேக் பிடிக்காவிட்டால் டிரெய்லர் டிரக்கைத் தள்ளிக்கொண்டு போகும். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்கு பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். டிராவல் டிரெய்லர்களில் பெரும்பாலானவை இந்த எடையைத் தாண்டிவிடும். இந்தப் பழுதோடு ரோட்டில் ஏறாதீர்கள்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். டிரக் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியிருந்தால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். அப்புறம் ஹிட்ச் அருகில் கம்பிக் கயிற்றில் தொங்கும் பிரேக்அவே ஸ்விட்சின் (டிரெய்லர் கழன்று ஓடினால் தானாக பிரேக் போடுவது) பின்னை இழுங்கள். டிரெய்லர் பேட்டரி நேரடியாக பிரேக்குக்கு வந்துவிடும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் காதை வைத்தால் பிரேக்கை இயக்கும் மேக்னெட்டின் முனகல் கேட்கும். சத்தத்தை நம்ப முடியாவிட்டால் ஒரு காம்பஸ்ஸை டிரம்முக்குப் பின்புறம் கொண்டுபோங்கள். பின்னை இழுக்கும்போது முள் சட்டென்று திரும்பினால் மேக்னெட் வேலை செய்கிறது. பார்த்ததும் பின்னைத் திரும்பக் குத்திவிடுங்கள், இல்லையென்றால் மேக்னெட் சூடேறும், பேட்டரியும் காலியாகும்.

- எல்லாச் சக்கரமும் முனகுகிறது: டிரெய்லர் வயரிங் சரி. பிளக்கின் நீல முனையைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு டிரக்கின் பிரேக் ஃபியூஸ், கடைசியாகக் கன்ட்ரோலர்.
- எதுவுமே முனகவில்லை: முதலில் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிரேக்அவே ஸ்விட்ச் அல்லது நீல வயரின் முதல் இணைப்பு. ஸ்விட்சைத் திறந்தால் உள்ளே தண்ணீரும் துருவுமாக இருப்பது சகஜம்.
- ஒரு பக்கம் மட்டும் இல்லை: கீழே சொல்வதுதான்.

பல டிரெய்லர்களில் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறு பக்கத்துக்கு பிரேக் வயர் ஆக்சில் குழாய்க்கு உள்ளேயே ஓடுகிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் அது இரும்பில் உரசும். சில வருடங்களில் தோல் தேய்ந்து கரண்ட் ஆக்சிலுக்கே போகும். கன்ட்ரோலர் ஒருநாள் ஷார்ட் என்று காட்டும், மறுநாள் எல்லாம் சரி என்று காட்டும். இந்தப் பழுதுக்காகக் கன்ட்ரோலரை மாற்றியவர்கள் நிறைய. ஆக்சிலுக்குள் இருக்கும் வயரை இரு பக்கமும் வெட்டித் தனியாக விட்டுவிட்டு, நல்ல தடிப்பான புது வயரை நெளிவுக் குழாயில் போட்டு ஆக்சிலுக்கு வெளியே பின்புறமாகக் கட்டிவிடுங்கள்.

அளந்து உறுதிசெய்ய விரும்பினால், ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் மேக்னெட்டின் இரண்டு வயர்களைப் பிரித்து ஓம் பாருங்கள். 10, 12 அங்குல டிரம்களில் 3 முதல் 4 ஓமுக்குள் வர வேண்டும். அளவே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. மேக்னெட் வயருக்கும் ஆக்சிலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் உள்ளே ஷார்ட். கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் நீல வயரில் மாட்டிப் பார்க்கலாம். முழு பிரேக்கில் சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர், நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர் அளவுக்கு ஓட வேண்டும்.

கரண்ட் சரியாக ஓடியும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் வயரிங்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது பேரிங் கிரீஸ் டிரம்முக்குள் கசிந்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

## அறிகுறி 6: உள்ளே 12 வோல்ட் இல்லை, பேட்டரி சார்ஜ் ஏறவில்லை

பேட்டரி முனைகளில் வோல்ட் அளவிடுங்கள். எதையும் மாட்டாமல் சும்மா இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் அடிமட்டம். இப்போது 120 வோல்ட் கேபிளை மாட்டி மறுபடி அளங்கள். கன்வர்ட்டர் (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி) வேலை செய்தால் 13.2க்கு மேல், பெரும்பாலும் 13.6 பக்கம் வரும்.

ஏறவில்லையா? பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து பேட்டரிக்கு ஓரிரு அடி தூரத்தில் சட்டத்தில் திருகியிருக்கும் சின்ன உலோக பிரேக்கர், அதன் இரண்டு திருகுகளும் துருப்பிடித்துக் கிடக்கும். அடுத்து கன்வர்ட்டரில் "ரிவர்ஸ் போலாரிட்டி" என்று எழுதிய ஃபியூஸ்கள். இவை போயிருந்தால் யாரோ பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். பல டிரெய்லர்களில் பேட்டரிக்கு வரும் கறுப்பு வயர்தான் பாசிட்டிவ், வெள்ளைதான் நெகட்டிவ். கார் பழக்கத்தில் கறுப்பை நெகட்டிவில் மாட்டிய அந்த நொடியில் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் மாற்றினால் பெரும்பாலும் கன்வர்ட்டர் பிழைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் 13.2 வரவில்லை என்றால் கன்வர்ட்டர்தான், மாற்ற வேண்டும். ஓடும்போது டிரக்கிலிருந்து சார்ஜ் ஏறவில்லை என்பது இன்னொரு புகார். டிரக்கிலிருந்து வரும் அந்த நீள வயர் வழியாகச் சில ஆம்பியர்தான் வரும், காலியான பேட்டரியை நிரப்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

## அறிகுறி 7: 120 வோல்ட் மாட்டினால் பிரேக்கர் ட்ரிப் ஆகிறது, அல்லது டிரெய்லரைத் தொட்டால் சுரீர் என்கிறது

இதுவரை பார்த்த 12 வோல்ட்டில் தவறு செய்தால் ஃபியூஸ் போகும். இங்கே உயிர் போகும்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது, லேசாகத்தான் என்றாலும்: உள்ளே இருப்பவர்களை இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கேம்ப்கிரவுண்டில் கேபிளை மாட்டும் கரண்ட் பெட்டியின் பிரேக்கரை அணைத்து, கேபிளைக் கழற்றிய பிறகுதான் இறங்கலாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு கை கதவில் வைத்தால் கரண்ட் உடல் வழியாகப் போகும். எங்கேயோ எர்த் அறுந்திருக்கிறது, எங்கேயோ கசிவும் இருக்கிறது. வேறு சாக்கெட்டில் மாட்டிப் பார்க்கலாம் என்று முயலாதீர்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனோ டிரெய்லர் டெக்னீஷியனோ பார்க்கும்வரை 120 வோல்ட் வேண்டாம்.

வீட்டு கராஜில் ஜி.எஃப்.சி.ஐ. (கரண்ட் கசிந்தால் உடனே அணைந்துவிடும்) சாக்கெட்டில் மாட்டினால் மட்டும் ட்ரிப் ஆகிறது என்றால், டிரெய்லரின் எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டு மாட்டி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தப் பொருளில் கசிவு. தண்ணீர் இல்லாமல் போட்டுக் கருகிய வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் அடிக்கடி அகப்படும் குற்றவாளி. எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால் உள்ளே நியூட்ரலும் எர்த்தும் எங்கோ சேர்ந்திருக்கின்றன, ஆளைக் கூப்பிடுங்கள். ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும்போது மட்டும் வீட்டின் 15 ஆம்பியர் பிரேக்கர் விழுகிறது என்றால் அது பழுதே இல்லை. 15 ஆம்பியர் சாக்கெட்டால் இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியாது.

வீட்டில் டிரெய்லருக்கென்று 30 ஆம்பியர் சாக்கெட் வைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 30 ஆம்பியர் டிரெய்லர் சாக்கெட் 120 வோல்ட்தான். டிரெய்லரோடு பழக்கமில்லாத எலெக்ட்ரீஷியன் அதைத் துணி டிரையர் சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவதுண்டு. மாட்டிய நொடியில் கன்வர்ட்டர், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் போய்விடும். ஒன்டாரியோவில் இந்த வேலையை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் கொடுத்து, எலெக்ட்ரிகல் சேஃப்டி அத்தாரிட்டிக்கு முறைப்படி தெரிவிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் டிரெய்லரை மாட்டுவதற்கு முன்னால் அவர் முன்னிலையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்: ஹாட்டுக்கும் (கரண்ட் வரும் முனை) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் முனை) 120, ஹாட்டுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் 240 காட்டினால் கேபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவரை பேனலைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள்.